டாக்டர் மாத்திரையோடு வாக்கிங்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார், மனசுக்கு இது உண்மையிலேயே வேலை செய்யுமா?

பனியன்_ஊர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன், வயது 36. போன தீபாவளிக்குப் பிறகு தூக்கமே சரியில்லை. படுத்தவுடன் தூங்கிவிடுவேன், ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு முழிப்புத் தட்டிவிட்டால் அப்புறம் கண்ணை மூடினாலும் பையருக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள், டையிங்கில் நிற்கிற துணி, பிள்ளைக்குக் கட்ட வேண்டிய ஸ்கூல் பீஸ் என்று ஒன்று போனால் இன்னொன்று வந்து நிற்கும். ஆபீஸில் இருக்கும்போதே சில தடவை நெஞ்சு படபடவென்று அடித்து, விரலெல்லாம் மரத்துப்போய், மூச்சு முட்டி, ஹார்ட் அட்டாக் என்றே நினைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் டெஸ்ட் எல்லாம் பார்த்தாயிற்று. இதயத்தில் எந்தக் குறையும் இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் நிதானமாக எல்லாம் கேட்டார். மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து இருக்கிறது, முற்றிப்போகவில்லை, சரிசெய்துவிடலாம் என்றார். ஒரு மாத்திரை எழுதினார். அதே சீட்டில் அதற்குக் கீழேயே "வேக நடை, 30 நிமிடம், வாரம் 5 நாள்" என்றும் எழுதி, இதையும் மருந்து என்றே நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

என் கேள்வி இதுதான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நடக்கச் சொல்வது புரிகிறது. மனசுக்கு நடை எப்படி மருந்தாகும்? இதற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லை ஆறுதலுக்குச் சொல்வதா? அடுத்தது, கொஞ்சம் வேகமாக நடந்தாலே நெஞ்சு அடிக்கிறது, உடனே அந்தப் பழைய பயம் வந்துவிடுகிறது, பாதியிலேயே திரும்பிவிடுகிறேன். காலையில் எழுந்திருக்கவும் முடியவில்லை, சோம்பல் என்று வீட்டில் நினைக்கிறார்கள், ஆனால் கால் இரண்டும் ஈயம் போலக் கனக்கிறது. நெருங்கிய நண்பன் ஒருவன், "மாத்திரையைத் தூக்கிப் போடு, தினம் பத்து கிலோமீட்டர் ஓடு, எல்லாம் பறந்துவிடும்" என்கிறான். அவன் சொல்வது சரியா? ஜிம்மா, யோகாவா, நடையா, எதைப் பிடிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிசியோ_நெல்லை

வணக்கம் தம்பி. நான் திருநெல்வேலியில் பிசியோதெரபிஸ்ட். மனநல சிகிச்சையில் இருப்பவர்களை டாக்டர்கள் எங்களிடம் அனுப்புவது இப்போது கூடியிருக்கிறது, அதனால் நீங்கள் கேட்டதெல்லாம் எனக்குப் பழக்கமான கேள்விகள்.

ஆதாரம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர், மனச்சோர்வு உள்ள 50 வயதைத் தாண்டிய 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மேற்பார்வையில் நடை அல்லது மெது ஓட்டம் வாரம் மூன்று நாள், ஒரு குழுவுக்கு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, ஒரு குழுவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் இதில் பலரும் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு: முதல் சில வாரங்களில் மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் சீக்கிரம் தேறியது. பயிற்சி நிதானமாக வேலை செய்தது, ஆனால் பத்து மாதம் கழித்துப் பார்த்தபோது பயிற்சிக் குழுவில் தேறியவர்களுக்கு மனச்சோர்வு திரும்ப வந்தது குறைவாக இருந்தது. அப்படிப் பார்த்தால் உங்கள் டாக்டர் இரண்டையும் ஒரே சீட்டில் எழுதியதில் அர்த்தம் இருக்கிறது. இப்போதைக்குத் தாங்கிப் பிடிக்க மாத்திரை, நாளைக்கும் சேர்த்து நடை. 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 218 ஆய்வுகளைத் திரட்டி ஒரு பெரிய அலசல் வந்தது. அதிலும் நடை, மெது ஓட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி எல்லாமே மனச்சோர்வுக்கு உதவுகிறது என்றுதான் முடிவு.

இப்போது நெஞ்சு அடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன், உங்களுக்கு முக்கியமானது அதுதான் என்று நினைக்கிறேன். பதற்றம் உள்ளவர்களின் உடம்பு, இதயம் வேகமாக அடிப்பதையே ஆபத்து என்று கற்றுவைத்திருக்கும். மாடிப்படி ஏறினாலும் அடிக்கும், பயந்தாலும் அடிக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. நடையின் பெரிய உதவியே இங்கேதான். நாமே வேண்டுமென்று இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, வியர்க்க வைத்து, மூச்சு வாங்க வைத்து, அப்புறம் நின்று, அது தானாக அடங்குவதைப் பார்க்கிறோம். திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க உடம்பு புதிதாகக் கற்றுக்கொள்ளும். பதற்றத்துக்கான உளவியல் சிகிச்சையிலேயே இதை முறையாகச் செய்வார்கள்.

நான் எல்லோரையும் முதலில் செய்யச் சொல்வது இதுதான். ஒரே ஒரு மாடி ஏறுங்கள், வேகமாக. மேலே போனதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், ஓடிப்போய் உட்கார வேண்டாம், தண்ணீர் தேட வேண்டாம். இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வலது கையின் இரண்டு விரலை வைத்துத் துடிப்பைப் பாருங்கள். முதலில் தடதடவென்று இருக்கும், அப்புறம் இரண்டு துடிப்புக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக நீளும், ஓரிரு நிமிடத்தில் அது விரலுக்கே தெரியும். பயம் வந்தால் வரட்டும், விரலை எடுக்காதீர்கள். இதைப் பழகிவிட்டுத் தெருவில் நடக்கப் போனால் பாதியில் திரும்பத் தோன்றாது. எவ்வளவு வேகம் என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது, அவ்வளவுதான்.

உங்களுக்கு ட்ரெட்மில் டெஸ்ட் வரைக்கும் எடுத்துவிட்டார்கள் என்பதால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். இதைப் படிக்கும் மற்றவர்கள் நெஞ்சு வலியைத் தாமாகவே பதற்றம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்துகிற வலி, கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, கண் இருட்டுவது, இதெல்லாம் இருந்தால் முதலில் டாக்டர்.

ஷட்டில்_ராஜா

வணக்கம்ங்க. நான் மேட்டுப்பாளையம் பக்கம். நீங்கள் சொன்ன கால் கனம் எனக்கு நன்றாகத் தெரியும், அதை அனுபவிக்காதவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சில வருடம் முன்னால் தொழில் படுத்தபோது எனக்கும் மனச்சோர்வு வந்து, குளிப்பதற்கே ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் பிசியோ அக்கா சொன்னதற்கு முந்தைய படியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதாவது வீட்டை விட்டு எப்படி வெளியே வருவது.

மனசு சரியாகட்டும், அப்புறம் நடக்கலாம் என்று காத்திருந்தால் அது நடக்காதுங்க. எனக்குக் கவுன்சிலிங் கொடுத்தவர் சொன்னது, இந்த நோயில் ஆர்வம் முதலில் வந்து வேலை பின்னால் வராது, வேலை முதலில், ஆர்வம் அதன் பின்னால் மெதுவாக வரும் என்று. கேட்கும்போது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அவர் கொடுத்த கணக்கு சின்னதாக இருந்ததால் செய்தேன்: பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒரு ஸ்டாப்பிங் முன்னாடியே இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான். இறங்கிவிட்டால் வீட்டுக்கு நடந்துதானே ஆக வேண்டும், அங்கே மனசைக் கேட்க வேலையே இல்லை. காலையில் எழுந்து போவது என்று வைத்திருந்தால் நான் ஒரு நாளும் போயிருக்க மாட்டேன், ஏனென்றால் காலைதான் எனக்கு மோசமான நேரம். மனச்சோர்வு உள்ள பலருக்கும் காலையில்தான் கனம் அதிகம் என்கிறார்கள். அதனால் தயவுசெய்து விடிகாலை வாக்கிங் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். எந்த நேரம் உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கிறதோ அதுதான் உங்கள் நேரம்.

அப்புறம் எங்கள் ஊர் ஷட்டில் கோர்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கோர்ட் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, பஞ்சாயத்து இடத்தில் மண் தரை, இரண்டு கம்பம், மேலே இரண்டு பல்ப். சாயங்காலம் ஆறரைக்கு மேல் டபுள்ஸ் ஆடுவார்கள். ஒரு மாமா வந்து, நாலாவது ஆள் இல்லை, சும்மா வந்து நில் என்று இழுத்துக்கொண்டு போனார். டபுள்ஸில் ஒரு விஷயம் என்னவென்றால், நாலு பேரில் ஒருவன் வரவில்லை என்றால் மற்ற மூன்று பேரும் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் ஆறே முக்காலுக்கு போன் வந்துவிடும், "எங்கடா இருக்கிறாய், சட்டையை மாட்டிக்கொண்டு வா" என்று. எனக்காகப் போ என்று யாராவது சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன், அவர்களுக்காகப் போனேன். அங்கே யாரும் எப்படி இருக்கிறாய், மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்க மாட்டார்கள். லைன் உள்ளேயா வெளியேயா என்றுதான் சண்டை. அந்த ஒரு மணி நேரம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற பேச்சு நின்றுவிடும். கார்க் மேலே வரும்போது கடனைப் பற்றி யோசிக்க முடியாதுங்க, கண்ணும் கையும் அதன் பின்னால்தான் போகும்.

அதனால் என் பதில்: ஜிம்மா யோகாவா நடையா என்று கேட்டால், ஆள் இருக்கிற இடமாகப் பாருங்கள். நீங்கள் வரவில்லை என்றால் கவனிக்கிற நாலு பேர் இருக்க வேண்டும்.

வார்டு_நர்ஸ்_வேலூர்

மனநல வார்டில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் சொன்னதெல்லாம் சரி, நான் உங்கள் நண்பர் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத வந்தேன்.

மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், வாந்தி வருவது போல, தலைக்குள் கரண்ட் அடித்தது போல எல்லாம் வரலாம். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயந்து வருகிறவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். இன்னொன்று, நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், அப்புறம் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். நடக்க ஆரம்பித்து நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நாளில்தான் பலர் தாமாகவே நிறுத்துகிறார்கள், அந்த நேரத்தில்தான் கவனம் வேண்டும்.

பத்து கிலோமீட்டர் ஓடு என்பதும் சரியில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி என்றுதான் இருக்கிறது. உங்கள் டாக்டர் சொன்ன அரை மணியை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், அதே 150 வரும். அந்த அளவுக்கு வர முடியாதவர்களுக்கும் கொஞ்சம் செய்தாலும் பலன் உண்டு என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

"சோம்பேறி, எழுந்து நடந்தால் எல்லாம் சரியாகும்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. நடைக்கு நான் எதிரியே இல்லை, எங்கள் வார்டிலேயே காலையும் மாலையும் கூட்டிக்கொண்டு போய் நடக்க வைக்கிறோம். ஆனால் எழுந்திருக்க முடியாததே நோயின் அறிகுறியாக இருக்கும்போது, எழுந்திருக்கவில்லை என்று அந்த மனிதரையே குற்றம் சொன்னால், அவர் ஏற்கனவே தன்னைத் திட்டிக்கொண்டிருப்பதோடு இதுவும் சேர்ந்துவிடும். வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: "போ" என்று சொல்லாதீர்கள், செருப்பை மாட்டிக்கொண்டு "வா, கடை வரைக்கும் போய்விட்டு வரலாம்" என்று கூடவே கிளம்புங்கள்.

தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்த்தாயிற்றா? பார்க்கவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். இவற்றில் குறை இருந்தாலும் இதே களைப்பும் மனச்சோர்வும் வரும், அதை நடையால் சரிசெய்ய முடியாது. லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் யாராவது படித்தால், வெயிலில் வியர்த்துக் கொட்டும் பயிற்சி எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள், உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது வந்தால் அதற்கு மருந்து வாக்கிங் இல்லை. உடனே யாரிடமாவது சொல்லுங்கள். 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மொட்டைமாடி_மீனா

கேள்வி கேட்டவர் ஆண் என்றாலும் இதைப் படிக்கிற பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று எழுதுகிறேன். ராஜா தம்பி சொன்னதில் எனக்கு ஒத்துவராதது ஒன்று உண்டு. ஆள் இருக்கிற இடமாகப் பாருங்கள் என்கிறார். எங்களில் பலருக்கு வேண்டியதே ஆள் இல்லாத ஒரு அரை மணி நேரம்.

நான் கும்பகோணம். வீட்டில் மாமியார், மாமனார், இரண்டு பிள்ளைகள். டாக்டர் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொன்னபோது வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நீ ஓடிக்கொண்டுதானே இருக்கிறாய், இதற்கு மேல் என்ன பயிற்சி" என்று. எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அப்படி ஓடியும் ஏன் மனசு இவ்வளவு பாரமாக இருக்கிறது என்று கேட்டபோது டாக்டர் விளக்கினார். வேலைக்காகவும் வீட்டுக்காகவும் உடம்பு அசைவதும், நமக்கென்று விரும்பி அசைவதும் மனசுக்கு ஒன்றில்லை என்று ஆய்வுகளிலேயே தெரிந்திருக்கிறதாம், ஓய்வு நேரத்தில் செய்கிற பயிற்சிதான் நல்ல மனநிலையோடு சேர்ந்து வருகிறதாம். யோசித்தால் புரிகிறது. துணி துவைக்கும்போது கை வேலை செய்கிறது, மனசு அடுத்து அரிசி களைய வேண்டும் என்று அங்கே போய் நிற்கிறது. யாராவது கூப்பிட்டால் போட்டுவிட்டு ஓட வேண்டும். அதில் எனக்கு என்று எதுவும் இல்லை.

எங்கள் தெருவில் சாயங்காலம் ஒரு பெண் தனியாக வேகமாக நடந்தால் எதிரே வருகிற எல்லோரும் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். அதனால் மொட்டை மாடி. சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக ஒரு எட்டு போட்டுவைத்திருக்கிறேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுழி, கொடிக் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சுழி. எட்டு நடந்தால் அந்த நோய் போகும் இந்த நோய் போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நான் நம்பவில்லை. எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் இடம் சின்னதாக இருந்தாலும் நிற்காமல் நடக்கலாம், திருப்பத்தில் கால் எங்கே வைக்கிறோம் என்று கொஞ்சம் கவனம் வைக்க வேண்டும், அந்தக் கவனத்தில் மனசு அங்கேயே இருக்கும். போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போகிறேன். பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன், அம்மா மேலே இருந்தால் ரத்தம் வந்தால் மட்டும் கூப்பிடு என்று. முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது மாமியாரே, "மணி ஆகிவிட்டது, நீ போ, குக்கரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கோபப்படுவது குறைந்திருக்கிறது என்று அவர்களுக்கே தெரிகிறது போல.

புதுகை_உயிரியல்

அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். "மனசுக்கு நடை எப்படி மருந்தாகும்" என்று கேட்டிருந்தீர்கள், அதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன்.

உடற்பயிற்சி செய்தால் எண்டார்பின் சுரக்கும், அதனால் சந்தோஷம் வரும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். விஷயம் அவ்வளவு நேராக இல்லை. ரத்தத்தில் ஓடுகிற எண்டார்பின் பெரிய மூலக்கூறு, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கிற தடுப்பைத் தாண்டி உள்ளே போவது கடினம். ஓடிய பிறகு வருகிற அந்த இலகுவான மனநிலைக்கு, உடம்பே தயாரிக்கிற எண்டோகன்னாபினாய்டு என்ற வகைப் பொருட்களுக்குப் பெரிய பங்கு இருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள், அவை கொழுப்பில் கரைபவை என்பதால் தடுப்பைத் தாண்டிவிடும். இது அன்றன்றைக்கு, சில மணி நேரத்துக்கு இருக்கிற பலன்.

நாள்பட்ட பலன் வேறு. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி, நினைவுக்கும் உணர்ச்சிக்கும் தொடர்புடையது, நீண்டநாள் மனச்சோர்வில் அது கொஞ்சம் சுருங்கிக் காணப்படுகிறது. 2011-இல் அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஓராண்டு பார்த்தார்கள். வாரம் மூன்று நாள் நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, வெறும் உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு வயதுக்கு ஏற்றபடி சுருங்கியிருந்தது. நரம்பணுக்களை வளர்த்துப் பேணுகிற பி.டி.என்.எப். என்ற புரதம் இதில் வேலை செய்கிறது என்பது அவர்கள் கருத்து. வயதானவர்கள் மூளையே நடையால் வளர்கிறது என்றால் 36 வயதில் நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நார்வேயில் சுமார் 34,000 பேரைப் பதினோரு ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. வாரத்துக்கு மொத்தமே ஒரு மணி நேரம் பயிற்சி செய்திருந்தால்கூட பின்னால் வந்த மனச்சோர்வில் 12 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள், வேகம் கூடவா குறைவா என்பது பெரிதாகப் பொருட்டில்லை. ஆனால் பதற்றநோயை அது தடுத்ததாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் பதற்றத்துக்கு பிசியோ அம்மா சொன்ன அந்த மாடிப்படிப் பழக்கமும் டாக்டர் தருகிற சிகிச்சையும் தனியாக வேண்டும்.

இதோடு தொடர்புள்ள ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பி.டி. பீரியடை நாங்கள்தான் எடுத்துக்கொள்கிறோம், கணக்குக்கு ஒரு நாள், அறிவியலுக்கு ஒரு நாள். இந்த வருடம் நான் கேட்கவும் இல்லை, மற்றவர்கள் கேட்டபோதும் தலைமையாசிரியரிடம் பேசி விடவைத்தேன். கபடி ஆடிவிட்டு முட்டியெல்லாம் மண்ணோடு வந்து உட்காருகிற பிள்ளைகள்தான் அதற்கடுத்த பீரியடில் நிமிர்ந்து கேள்வி கேட்கிறார்கள். பரீட்சைப் பயத்தில் வாய் திறக்காத ஒரு பெண், கோகோவில் எதிர் அணியிடம் கத்திக் கத்திச் சண்டை போடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தேர்வு பயத்தால் பிள்ளைகள் என்னென்னவோ முடிவெடுக்கிற ஒரு மாநிலத்தில், வாரத்துக்கு இரண்டே இரண்டு பீரியடைக்கூட நாம் அவர்களிடமிருந்து பிடுங்கக் கூடாது. பெற்றோர்கள் இருந்தால் பள்ளியில் கேளுங்கள், பி.டி. பீரியட் நடக்கிறதா என்று.

பனியன்_ஊர்க்காரன்

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நர்ஸ் அக்கா சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் அவளே கிளம்பி நின்றாள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு பார்த்திருக்கிறார்கள், சரியாக இருக்கிறது, பி12 பார்க்கவில்லை, கேட்கிறேன்.

பிசியோ அக்கா, மாடிப்படி விஷயத்தை ஆபீஸிலேயே செய்து பார்த்தேன். முதல் தடவை பயம் நன்றாகவே வந்தது, விரலை எடுத்துவிடலாமா என்றுகூட இருந்தது, எடுக்கவில்லை. நீங்கள் சொன்ன அந்த இடைவெளி நீளுவது உண்மையிலேயே விரலுக்குத் தெரிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஷிப்மெண்ட் இருக்கிற வாரத்தில் வீட்டுக்கு வரவே ஒன்பதரை ஆகும். அந்த நேரத்தில் நடந்தால் இருக்கிற தூக்கமும் கெட்டுவிடாதா? இரண்டாவது, அந்த வாரத்தில் நடக்கும்போதும் போன் வந்துகொண்டே இருக்கும். பேசிக்கொண்டே நடந்தால் கணக்கில் சேருமா?

பிசியோ_நெல்லை

ஒன்பதரைக்கு மேல் ஓட்டம், கனமான எடை இதெல்லாம் வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் முடிந்துவிடுகிற மாதிரி மிதமான நடை என்றால் பெரும்பாலானவர்களுக்குத் தூக்கம் கெடுவதில்லை, பலருக்கு நன்றாகவே வருகிறது. உங்களுக்கு எப்படி என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் முடிந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை உடைத்துப் பாருங்கள். கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம், நாலு மணி டீக்கு முன்னால் பத்து நிமிடம், வீட்டுக்கு வந்து பத்து நிமிடம். உடைத்து நடந்தாலும் அரை மணி அரை மணிதான். பகல் வெளிச்சம் கண்ணில் படுவது தூக்கத்தின் நேரத்தைச் சீராக்கும், விடிகாலை மூன்று மணி முழிப்புக்கு அதுவும் ஒரு உதவி. திருப்பூர் வெயிலில் சித்திரை மாதத்தில் மட்டும் மத்தியான நடையை ஷெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் பேசிக்கொண்டு நடந்தால் உடம்புக்குக் கணக்கில் சேரும். மனசுக்கு, பையரிடம் திட்டு வாங்கிக்கொண்டே நடப்பதை நான் சேர்க்க மாட்டேன். அந்த மூன்று பத்து நிமிடத்தில் ஒன்றையாவது போன் இல்லாமல் வையுங்கள், மீனா அக்கா செய்கிற மாதிரி டேபிளிலேயே விட்டுவிட்டு.

வார்டு_நர்ஸ்_வேலூர்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஒரு நோட்டில் அன்றைக்கு நடந்தீர்களா, எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது, மனசு எப்படி இருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள், அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அதைக் கையில் கொண்டுபோங்கள். நடக்காத நாளையும் எழுதுங்கள், அதற்காக வருத்தப்பட வேண்டாம், டாக்டருக்கு அதுவும் தேவைப்படும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் முடிவெடுக்க, எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் சொல்கிற "பரவாயில்லை" என்ற பதிலைவிட அந்த நோட்டு நிறைய உதவும்.